நாலாம் லயத்தில் ஒரு துரை படம்

ஏசுரத்தினம் அந்தப் படத்தை முதல் தடவை சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியபோது, அவர் மனைவி கத்தரீனாள் அடுப்படியில் கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தம்ளரோடு முன்னறைக்கு வந்து பார்த்தால் சட்டத்தின் முதுகு அட்டையும் அதில் அடித்திருந்த குட்டி ஆணிகளும்தான் தெரிந்தன. புனிதர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். புனிதர்களையே முதுகு காட்ட வைத்த ஆள் இவர் ஒருவர்தான்.

"என்னங்க இது?"

"பின்ன? இத்தன வருசம் தேயிலக் காட்டுல தொர மொகத்துல முழிச்சது போதாதா? வீட்டுக்குள்ளயும் அவன் மொறைக்கணுமா?"

"தொர இல்லங்க, அது புனிதரு."

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்று தம்ளரை வாங்கிக்கொண்டார். ஒன்றும் தெரியாதபோது ஏசுரத்தினம் சொல்கிற வார்த்தை அது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. படத்தில் இருந்தவர் வெள்ளைக்காரர்தான். நெற்றி ஏறிய தலை, வெள்ளைத் தாடி, கறுப்புக் கோட்டு. பக்கத்தில், கழுத்துவரை மூடிய கறுப்புக் கவுனில் ஓர் அம்மாள். கொன்னிமலை எஸ்டேட்டின் பெரிய பங்களா ஹாலில், காட்டெருமைத் தலைக்குக் கீழே, இந்த மலையில் முதன்முதலாகத் தேயிலை நட்ட துரையும் துரைசாணியும் இதே தாடியும் இதே கவுனுமாகத் தொங்குகிறார்கள். ஏசுரத்தினம் இளந்தாரியாக இருந்தபோது கூரைத் தகரம் மாற்றுகிற வேலைக்கு அங்கே போய், அந்தப் படத்தை இறக்கித் துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறார். கையில் ஏந்திய முகம் மறந்துபோகுமா? தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறதே, அதையாவது பாருங்கள் என்று கத்தரீனாள் காட்டினாள்.

"தொரன்னா தலைக்கு மேல லைட்டும் போட்டுக்கிடுவான். கம்பெனி கரண்டுதான?" என்றார்.

அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. பிரசங்கம் தொடங்கியதும் ஆண்களில் பாதிப்பேர் வெளியே யூகலிப்டஸ் மரத்தடிக்கு நழுவிவிடுவதும், காணிக்கைப் பாட்டு கேட்டதும் ஒன்றும் நடக்காததுபோல உள்ளே வருவதும் கொன்னிமலைக் கோயிலின் நெடுநாள் வழக்கம். மரத்தடிச் சபைக்குத் தலைவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அது ஏசுரத்தினம்தான். அன்று திருக்குடும்பத் திருநாள். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்குப் பங்கிலிருந்து ஜோடிக்கொரு படம் என்று பங்குச் சாமியார் ஜிபி அச்சன் ஏற்பாடு செய்திருந்தார். அச்சன் மலையாளி; தமிழில் பூசை வைப்பார்; நம்மவர்களுக்குத் தகராறு செய்கிற 'ழ' அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இது லூயி மார்ட்டின், இது செலி மார்ட்டின். பிரான்சுக்காரங்க. நம்ம புனித குழந்தை தெரசம்மாளைப் பெத்த அப்பனும் அம்மையும்" என்று அச்சன் படத்தைத் தூக்கிக் காட்டினார். "வேற புனிதர்கள் நிறையப் பேரு கல்யாணம் கழிக்காமத் தப்பிச்சவங்க. இவங்க கல்யாணம் கழிச்சும் புனிதரானவங்க. அதுதானே கஷ்டம்?" கோயில் சிரித்தது. பெண்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தது.

பிறகு அச்சன் குரலை இறக்கி, அந்தத் தம்பதியின் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். கத்தரீனாள் அதற்கப்புறம் பூசை முடியும்வரை வேறெதையும் கேட்கவில்லை. பெயர் கூப்பிட்டபோது ஏசுரத்தினம் மரத்தடியிலிருந்து ஓடிவந்து அவளோடு பீடத்தடியில் நின்று படத்தை வாங்கினார். தாடிக்காரரைப் பார்த்தார், முகம் சுண்டிப்போயிற்று.

பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள். கம்பத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்; மாரியம்மனுக்கும் நேர்ந்துகொள்வாள், வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொள்வாள். அன்று சாயங்காலம் சீயக்காய்ப் பொடி கடன் கேட்க வந்தவள் படத்தைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏத்தா கத்தரீனா, ரிட்டயர் ஆனதுக்குக் கம்பெனில தொர படமா குடுத்தாக? எனக்கெல்லாம் ஒரு குடையோட முடிச்சிட்டாகளே!"

ஏசுரத்தினம் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'கேட்டுக்கோ' என்று எழுதியிருந்தது. மறுநாள் காலையில் படம் திரும்பிவிட்டது. கத்தரீனாள் நேராக்கினாள். அவர் கடைக்குப் போகிற சாக்கில் திருப்பினார். அவள் வாசல் பெருக்கிவிட்டு வந்து நேராக்கினாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணம் ஆகி நாற்பது வருடமானால் சண்டைக்குப் பேச்சு தேவைப்படுவதில்லை.

ஆனால் கத்தரீனாளுக்கு இது வெறும் வீம்பு இல்லை. சனிக்கிழமை மகன் ஜோபி வேனோடு வருகிறான். சுருளியம்மாள் வீட்டைப்போல மகனோ மகளோ வேலையில் இருந்தாலொழிய, ஓய்வு பெற்றவர்கள் லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். அது எஸ்டேட் சட்டம். ஜோபிக்குக் கோவிந்தாபுரத்தில் தேங்காய் மண்டியில் வேலை. செக்போஸ்ட் தாண்டி ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறான். மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று போய்விட்டால் இந்த வயதில் மறுபடி மலையேறி வருவது நடக்கிற காரியமா? அவள் இங்கே ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள். எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறாள் என்பதுகூடத் தெரியாமல் போகிறாள். அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு இந்த ஒரு வாரம்தான் இருந்தது. தெரிந்த ஆள் இவர் ஒருவர்தான்.

அது அவர்களுடைய முதல் பிள்ளை. பெண். கல்யாணமான இரண்டாம் வருடம், ஆடி மழையில் பிறந்தது. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் கத்தரீனாளுக்கு இப்போதும் முகம் மலர்ந்துவிடும். தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டப் போன ஏசுரத்தினம் திரும்பி வரும்போது ஓடைக்கரையில் நின்று விசிலடிப்பார். அடுப்பில் தண்ணீர் வை என்று அர்த்தம். லயத்துப் பெண்கள் அந்த விசிலைச் சொல்லிச் சொல்லி அவளைப் படாத பாடு படுத்தினார்கள். கிறிஸ்துமஸுக்கு மூங்கில் வளைத்து, சிவப்புத் தாள் ஒட்டி, நாலாம் லயத்திலேயே பெரிய நட்சத்திரம் அவர்தான் கட்டினார். கட்டி முடித்தபிறகு பார்த்தால் அது வாசல்படியைத் தாண்டி வெளியே வரவில்லை. பாதியைப் பிரித்து வெளியில் வைத்து மறுபடி ஒட்டினார்கள். இரவு முழுவதும் சிரித்துச் சிரித்து இருவருக்கும் விலா வலித்தது. அப்படிச் சிரித்த மனிதர்தான் இவர்.

பிள்ளை பிறந்து ஒரு வாரம் ஆகவில்லை, காய்ச்சல் கண்டது. ஞானஸ்நானம் வருகிற ஞாயிறு என்று முடிவு செய்து, ஞானத்தாய்க்குச் சேலையும் எடுத்து வைத்திருந்தார்கள். டிஸ்பென்சரி கம்பவுண்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றார். ஜீப் பங்களா வாசலில் நின்றது. எஸ்டேட் மேனேஜர் துரை கிளப்புக்குப் போயிருந்தார். அப்போது வெள்ளைக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள், இவர் நம் நாட்டு ஆள்தான். ஆனாலும் துரை துரைதானே? அவர் சொல்லாமல் சாவியைத் தொடமாட்டேன் என்றான் டிரைவர். ஏசுரத்தினம் அவன் காலைக்கூடப் பிடித்திருக்கிறார். பிறகு பிள்ளையைக் கம்பளியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக் குறுக்குப் பாதையில் பஸ் ரோட்டைப் பார்த்து இறங்கினார். சாயங்காலம் வெறும் கம்பளியோடு திரும்பி வந்தார்.

"ஏழாம் நம்பர்ல" என்றார். அவ்வளவுதான்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பது அந்தக் காலத்துக் கோயில் உபதேசியார் சொல்லிவைத்த சட்டம். அது திருச்சபையின் சட்டமா, உபதேசியாரின் சொந்தச் சட்டமா என்று கேட்கிற வாய் இந்த மலையில் யாருக்கும் இருந்ததில்லை. அதனால் அவர் காட்டிலேயே அடக்கிவிட்டு வந்தார் என்பது அவளுக்குப் புரிந்தது. எந்த இடத்தில் என்று அவள் கேட்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு ஜோபி பிறந்தான், நிமி பிறந்தாள், கேள்வி அப்படியே தொண்டைக்குள் தங்கிவிட்டது.

ஏழாம் நம்பரில் கொழுந்து எடுக்கிற நாளில் கத்தரீனாள் காலை அழுத்தி வைத்து நடக்க மாட்டாள். எந்தச் செடியடியில் கிடக்கிறதோ, யார் கண்டது? "என்ன கத்தரீனா, கல்யாணப் பொண்ணு மாரி நடக்கே, கூடை என்னைக்கு நிறையும்?" என்று கங்காணி சத்தம் போடுவான். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் குடும்பக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது அவள் ஒரு திரியை மதில் சுவருக்கு வெளியே, காட்டைப் பார்த்து ஒட்டி வைப்பாள். காற்றில் அது நின்று எரிந்ததே இல்லை. தினமும் குடும்ப ஜெபத்தின் முடிவில் வீட்டில் இறந்துபோனவர்கள் பெயரை ஏசுரத்தினம் ஒவ்வொன்றாகச் சொல்வார். மற்றவர்கள் நித்திய இளைப்பாற்றி என்கிற இறந்தோர் ஜெபத்தைச் சொல்வார்கள். அந்த வரிசையில் பிள்ளை இல்லை. பெயர் இருந்தால்தானே சொல்ல? 'என் பிள்ளையும்' என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஜிபி அச்சன் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டி, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் நாலு சின்னதிலேயே இறந்துபோயின என்று சொன்னார். படத்தில் கீழே தாயையும் தகப்பனையும் ஒட்டிக்கொண்டு பெண்பிள்ளைகள் நின்றன. மேலே, வெள்ளை மேகத்துக்குள், நாலு குழந்தைகள். வரைந்தவர் அவர்களை விட்டுவிடவில்லை. இறந்த பிள்ளைகளையும் சேர்த்துத்தான் குடும்பம் என்று யாரோ ஒருவர் வர்ணம் தொட்டு எழுதியிருந்தார். கத்தரீனாளுக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் ஒரு தடவை நின்று இந்த மேகத்தைப் பார்த்துவிட்டால் போதும், வாய் திறந்துவிடுவார் என்று நம்பினாள். அவரோ தாடியைத் தாண்டி மேலே போகவே மாட்டேன் என்றார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வீடு காலியாகிக்கொண்டிருந்தது. இருதய ஆண்டவர் படம் போர்வைக்குள் போய்விட்டது. அதற்கு முன்னால் எரிந்த சிவப்புப் பல்பைக் கழற்றி அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தியிருந்தாள். பாத்திரங்கள் சாக்கில். கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று இரண்டு தடவை வெளியே வைத்து இரண்டு தடவை உள்ளே எடுத்து வைத்தாள். கோவிந்தாபுரத்தில் அதற்கு என்ன வேலை? "அம்மா, இங்க வெயிலு, கம்பளி ஒண்ணும் வேணாம்" என்று மருமகள் ஜின்சி போனில் சொல்லியிருந்தாள். கம்பளி வேண்டாத ஊரில் தூக்கம் எப்படி வரும் என்று கத்தரீனாளுக்கு விளங்கவில்லை. சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளையாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் இத்தனை வருட அடுப்புப் புகை.

கடைசியாக அந்த ஒரு படம்தான் மிச்சம். வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. சுற்றுவதற்குப் பழைய சேலையைக் கிழிக்க வேண்டியிருந்தது.

"இத கொஞ்சம் பிடிங்க" என்று கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

மடியில் வைத்ததைத் திருப்ப முடியாது. ஏசுரத்தினம் வேறு வழியில்லாமல் பார்த்தார். கண்ணாடியில் விரலடையாளம் இருந்ததைத் துண்டால் துடைத்தார். துடைத்த கை மேலே போயிற்று, அங்கேயே நின்றது.

"மேல என்னளா இது? மோட்சத்துச் சம்மனசா?"

கத்தரீனாள் சேலையைக் கிழிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பயந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்ல. அவுக புள்ளைங்க."

"புள்ளைங்கதான் கீழ நிக்குதே."

"கீழ நிக்கது பொழச்சது. மேல இருக்கது தவறிப்போனது."

அவர் மேகத்திலிருந்த பிள்ளைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். வெளியே சுருளியம்மாளின் கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது.

"தொர வீட்டுப் பிள்ளைகளும் சாவுமாளா?"

இத்தனை காலமும் இவர் மனதில் கிடந்தது இதுதானா?

"அவரு தொர இல்லங்க. வாட்சு ரிப்பேர் பாக்குதவரு. அந்தம்மா லேஸ் பின்னுத வேல. அச்சன் சொன்னாரு. நீங்கதான் மரத்தடியில நின்னீங்க."

"வாட்சு ரிப்பேரா?"

"ஆமா."

"அப்ப இவங்ககிட்ட ஜீப்பு இருந்திருக்காது."

"இருந்திருக்காது" என்றாள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே ஜீப் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஏசுரத்தினம் படத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். நேராக வைத்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வா" என்றார்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை.

ஏழாம் நம்பர் காடு அப்போதுதான் கவாத்து முடிந்து கிடந்தது. பச்சை எல்லாம் போய் வெறும் குச்சியும் கொம்புமாக மலைச்சரிவு மொட்டையடித்து நின்றது. மார்கழி பாதி போயும் பனி குறையவில்லை. பத்து மணிக்கும் நிழல் விழுந்த புல்லில் வெள்ளை பூத்திருந்தது. அவர் முன்னால் நடந்தார். முழங்கால் வலி என்று காலையில் முனகிய மனிதர் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அவள் பின்னால் வழக்கம்போலக் காலை மெல்ல வைத்து நடந்தாள். ஓடை வந்தது. ஓடையை ஒட்டி ஒரு யானைக்கால் தடிமனில் சில்வர் ஓக் மரம். அதன் அடியில் நாலைந்து கல் வட்டமாகக் கிடந்தது. கொழுந்துக்காரிகள் சோற்றுச்சட்டி வைக்கிற கல் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதில் உட்காராமல் தள்ளி உட்காருகிற பழக்கம் அவளுக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை. அவள் எங்குமே பார்த்துத்தான் உட்காருவாள்.

"இங்கதான்" என்றார்.

அவள் கல்லின் பக்கத்தில் குந்தி, மண்ணில் கையை வைத்தாள். மண் சில்லென்று இருந்தது.

"இதுக்கு அங்கிட்டு போவமுடியலளா. மூச்சு மாறிருச்சு. கம்பளிய நீக்கிப் பாத்தா ஒதடு நீலமா கெடக்கு. பஸ்சு ரோடு எட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சு." அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கம்மை சொல்லுவா, ஆவத்துன்னா யாரு வேணாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம்னு. தண்ணிய கையில அள்ளுனேன். தலையில மூணு தடவ ஊத்துனேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு சொன்னேன்."

கத்தரீனாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஞானஸ்நானம் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். ஆனா உசிரு இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியலளா. செத்த பிள்ளைக்குக் குடுத்தா செல்லாதாம்லா? ஊத்துனப்ப கண்ணச் சுருக்குன மாதிரி இருந்துச்சு. நெசமாவே சுருக்குச்சா, நான்தான் அப்படி நெனச்சனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. யாருட்டயும் கேக்கல. கேட்டு, அது செல்லாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாவன்னா? கேக்காம இருந்தா பாதியாவது நம்ம கையில இருக்குல்லா."

அவளுக்கு முதலில் வந்தது கோபம். நல்ல கோபம்.

"என்ட்ட சொல்லியிருக்கலாம்ல? மதிலுக்கு வெளிய காத்துல திரிய ஒட்டிக்கிட்டு நின்னேனே, பாத்துக்கிட்டுதான இருந்தீக? பெத்தவட்ட சொன்னா என்ன கொறஞ்சு போவும்?"

"நீ அன்னைக்கே சாமியார்ட்ட ஓடிப்போய்க் கேட்டிருப்ப."

அது உண்மைதான். அவள் ஓடித்தான் போயிருப்பாள். கோபம் வந்த வேகத்தில் அழுகையாக மாறிவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் காலணியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தரீனாள் கேட்டாள்: "கண்ண எப்படிச் சுருக்குச்சு?"

அவர் முகத்தைச் சுருக்கிக் காட்டினார். நெற்றியோடு சேர்த்து, மூக்கை லேசாகத் தூக்கி.

"உசிரு இருந்திருக்கு" என்றாள் அவள் பட்டென்று.

"எப்படிச் சொல்லுத?"

"ஜோபியும் நிமியும் நான் மொதத் தண்ணி ஊத்தும்போது இதேமாரிதான் மூக்கத் தூக்குச்சு. குளுந்த தண்ணிக்குப் பச்சப்பிள்ள அப்படித்தான் செய்யும். நீங்க என்னைக்குப் பிள்ளையக் குளிப்பாட்டுனீக, ஒங்களுக்குத் தெரிய? இல்லாத ஒண்ண நீங்களா நெனச்சிருந்தா அந்த மூக்கு எங்கருந்து வந்துச்சு? உசிரு இருந்திருக்கு. அது செல்லும்."

ஏசுரத்தினம் அவளையே பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை அவள் இத்தனை வருடத்தில் அன்றுதான் பார்த்தாள். பார்க்கவே பிடிக்கவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை.

திரும்பும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. "பேரு வைக்காம ஞானஸ்நானம் உண்டா?"

"பேரு வச்சுத்தான் குடுத்தேன்."

அவள் நின்றுவிட்டாள். "என்ன பேரு?"

அவர் ஓடையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கூச்சப்படுகிற புது மாப்பிள்ளை மாதிரி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெபத்துல சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

அன்று பகல் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. லூர்தாக இருக்குமா, அவர் அம்மா பெயர் சவரியம்மாளாக இருக்குமா, மலைமேல் மாதா பெயராக இருக்குமா? ஒவ்வொரு பெயராக எடுத்து அந்தப் பிள்ளைக்குச் சூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு பெயரிலும் ஒரு பெண் வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணமாகி வந்து நின்றாள். இந்நேரம் அவளுக்கே ஒன்றிரண்டு நரை விழுந்திருக்கும்.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும், ஏசுரத்தினம் சுற்றி வைத்திருந்த சேலையைப் பிரித்துப் படத்தை எடுத்தார். அவர் கையாலேயே ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்தது, சரி செய்தார். வெறும் வீட்டில் வெறும் சுவரில் அந்த வாட்சுக்காரரும் மனைவியும் எல்லாப் பிள்ளைகளோடும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து முழங்காலிட்டார்கள். சாமான்கள் இல்லாததால் ஜெபத்தின் ஒவ்வொரு வார்த்தையும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

ஜெபமாலை முடிந்தது. அவர் பெயர்களைத் தொடங்கினார். தகப்பனார் அந்தோணிமுத்து. தாய் சவரியம்மாள். மாமனார், மாமியார். உருளைக்கல் விழுந்து இறந்த அண்ணன். ஒவ்வொரு பெயருக்கும் அவள் பதில் சொன்னாள். பிறகு ஒரு நிறுத்தம். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கத்தரீனாள்" என்றார் ஏசுரத்தினம்.

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். மனிதர் கலக்கத்தில் தடுமாறி, உயிரோடு இருக்கிற பெண்டாட்டியை இறந்தவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டாரே என்று நினைத்தாள். அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

"அன்னைக்கு எனக்கு வேற எந்தப் பேரும் வாயில வரலளா" என்றார். "உம் பேரத்தான் வச்சேன்."

அவர் ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னார். மறுபாதி அவள் சொல்ல வேண்டியது. கத்தரீனாள், தன் பெயருக்கு, தன் பிள்ளைக்கு, நித்திய இளைப்பாற்றியைச் சொல்லத் தொடங்கினாள். முதல் இரண்டு வார்த்தை நன்றாகத்தான் வந்தது. மூன்றாவதில் குரல் அடைத்துக்கொண்டது. மறுபடி முயன்றாள், காற்றுதான் வந்தது.

லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போவதில்லை. அந்த இடைவெளி வழியாக, மாரியம்மனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த சுருளியம்மாளின் குரல் வந்தது. இத்தனை வருடம் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமான மிச்ச வார்த்தைகளை அவள் ஒன்றுவிடாமல் சொல்லி, ஆமென் என்று முடித்தாள்.